கண்குழிக் கட்டி அறுவைக்குப் பின் விழித்திரை ரத்தக்குழாய்ச் சிக்கல்கள்: கட்டு பிரிக்கும் முன்பே தொடங்க வேண்டிய கவனிப்பு

கண்ணுக்குப் பின்னால் இருக்கும் கட்டியை எடுக்க வேண்டும் என்றதும் வீட்டில் இரண்டு கேள்விகள்தான் முதலில் எழும். கட்டி புற்றா? முகத்தில் தழும்பு தெரியுமா? மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு, அதைக் கேட்பவர்கள் குறைவு. அறுவை முடிந்த பிறகு அந்தக் கண்ணுக்குப் பார்வை இருக்கிறதா என்று யார், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள்?

அப்படிப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் விழித்திரையின் ரத்தக்குழாய்கள். கட்டி முழுதாக வந்துவிடலாம், தையல் அழகாக இருக்கலாம், கண்ணும் வெளியே அமைதியாகத் தெரியலாம். ஆனால் உள்ளே விழித்திரைக்கு ரத்தம் போகாமல் நின்றிருக்கக்கூடும். இது அரிதாகத்தான் நடக்கும். நடந்தால், ஒன்றரை மணி நேரத்துக்குள் செய்தால் பலிக்கும் வேலை மறுநாள் காலையில் பலிக்காது. அதனால்தான் இதைப் படிப்படியாக எழுதுகிறேன். மருத்துவரின் இடத்தில் இந்தக் கட்டுரையை வைக்க வேண்டாம். அவரிடம் என்ன கேட்பது, எப்போது செவிலியரைக் கூப்பிடுவது, எப்போது காத்திருக்கக் கூடாது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

படி 1: ரத்தம் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கண்குழி என்பது எலும்பால் ஆன ஒரு கூம்பு. வாய் முகத்தின் பக்கம், கூர்முனை மூளையின் பக்கம். அதன் மொத்தக் கொள்ளளவு சுமார் 30 மில்லிலிட்டர்தான். கண்பந்து மட்டும் அதில் 7 மில்லிலிட்டர் அளவுக்கு இடம்பிடிக்கும். மிச்ச இடத்தில் பார்வை நரம்பு, கண்ணை அசைக்கும் தசைகள், கொழுப்பு, ரத்தக்குழாய்கள் எல்லாம் நெருக்கிக்கொண்டு இருக்கின்றன. சுற்றிலும் எலும்பு, முன்னால் இறுக்கமான இமைத் தசைநார்கள். உள்ளே கொஞ்சம் ரத்தம் கூடுதலாகத் தேங்கினாலும் அதற்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் சட்டென்று ஏறிவிடும்.

கழுத்துத் தமனியின் உட்கிளையிலிருந்து பிரியும் கண் தமனி, பார்வை நரம்போடு சேர்ந்தே எலும்புத் துளை வழியாகக் கண்குழிக்குள் நுழைகிறது. அதிலிருந்து பிரிவதுதான் விழித்திரை மையத் தமனி. அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. கண்பந்துக்குப் பின்னால் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் தூரத்தில், நரம்பின் அடிப்பக்கத்தைத் துளைத்து உள்ளே போய், நரம்பின் நடுவாகவே விழித்திரையை அடைகிறது. விழித்திரையின் உள் அடுக்குகளுக்கு இது ஒன்றுதான் பாசனக் கால்வாய். அடைத்தால் மாற்று வழி கிடையாது. வெளி அடுக்குகளுக்கு மட்டும் கோராய்டு என்ற ரத்தப் படுகை தனியாக ஊட்டுகிறது. அதற்கு வரும் குட்டித் தமனிகள் வேறு. இந்த இரட்டை ஏற்பாட்டை நினைவில் வையுங்கள், எந்தக் குழாய் அடைத்தது என்று கண்டுபிடிக்க பிறகு இதுதான் துப்பு.

சிலருக்குக் கோராய்டு பக்கத்திலிருந்து ஒரு சிறு தமனி கிளம்பி மாக்குலாவுக்கு, அதாவது எழுத்து வாசிக்கும் நடுப்பகுதிக்கு, நேராக வரும். அது இருந்தால் மையத் தமனி முழுக்க அடைத்தாலும் நடுப்பார்வை தப்பிக்கலாம். பிறவியிலேயே அமைவது, கேட்டு வாங்க முடியாது.

ரத்தம் வெளியேறுவது மையச் சிரை வழியாக. தமனியும் சிரையும் ஒரே நரம்புக்குள் ஒட்டிக்கொண்டு ஓடுவதால், அந்த இடத்தில் நெரிசல் வந்தால் இரண்டில் ஒன்றோ இரண்டுமோ அடிபடும். சிரைச் சுவர் மெல்லியது என்பதால் வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்கு அதுதான் எளிதில் நசுங்கும்.

படி 2: அறுவைக்கு முன் கட்டியின் இடத்தையும் பெயரையும் கேளுங்கள்

கட்டி எவ்வளவு பெரிது என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதே பார்வையின் அபாயத்தை அதிகம் தீர்மானிக்கும். புருவ ஓரத்தில் தோலுக்கு அடியில் இருக்கும் டெர்மாய்டு கட்டியை (பிறவியிலேயே அமையும் பை போன்ற கட்டி) எடுப்பதில் விழித்திரைக்கு ஆபத்து மிகக் குறைவு. கண்ணை அசைக்கும் தசைகள் சேர்ந்து அமைக்கும் கூம்புக்குள் நரம்பை ஒட்டி இருப்பதும், கூர்முனையில் நெருக்கமாக உட்கார்ந்திருப்பதும் வேறு கதை. கூர்முனையில் எல்லாக் குழாய்களும் நரம்புகளும் சில மில்லிமீட்டருக்குள் குவிந்துவிடுகின்றன. அங்கே கட்டி சிறிதாக இருந்தாலும் வேலை கடினம்.

பெயரும் முக்கியம். பெரியவர்களுக்குக் கண்குழியில் அதிகம் காணப்படும் தீங்கற்ற கட்டி, கேவர்னஸ் ஹீமான்ஜியோமா என்று பல காலமாக அழைக்கப்படுவது. இப்போது இதைச் சிரை வகை உருக்குறைபாடு என்றே வகைப்படுத்துகிறார்கள். நல்ல உறை உள்ளது, மெல்ல வளர்வது. தொந்தரவு தராவிட்டால் எடுக்காமல் ஆண்டுக்கொருமுறை ஸ்கேன் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ‘கட்டி இருக்கிறது, எடுத்துத்தானே ஆக வேண்டும்’ என்ற அவசரம் எல்லா நேரமும் சரி இல்லை. பார்வை நரம்பின் உறையில் எழும் மெனிஞ்சியோமா இன்னொரு துருவம். நரம்புக்கு ரத்தம் தரும் நுண்குழாய்களையே அதுவும் பகிர்ந்துகொள்வதால், அதை நரம்பிலிருந்து உரித்தெடுத்தால் பெரும்பாலும் பார்வை போய்விடும். அதனால் பார்வை மிச்சமிருக்கும் கண்ணுக்குக் கத்தியை விடக் குறிவைத்த கதிர்வீச்சைத்தான் பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். உங்கள் கட்டி இந்த வகை என்று சொல்லியும் அறுவை பேசப்பட்டால், ஏன் என்று தயங்காமல் கேளுங்கள். பதில் இருக்கலாம், ஆனால் அதைக் கேட்டறிந்துகொள்வது உங்கள் உரிமை.

அப்புறம், தற்போதைய நிலையின் பதிவு. இரு கண்களின் பார்வை அளவு, நிறப் பார்வை, பக்கப் பார்வைப் பரிசோதனை, விழித்திரைப் படம், ஓசிடி ஸ்கேன் (ஒளியால் விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுப்பது) ஆகியவை அறுவைக்கு முன்பே கோப்பில் இருக்கட்டும். பின்னால் ஒரு மாற்றம் தெரிந்தால், அது புதியதா, கட்டி பல மாதமாக அழுத்தியதால் முன்பே இருந்ததா என்று பிரித்துச் சொல்ல இதைவிட்டால் வேறு ஆதாரம் இல்லை. கட்டி பின்னாலிருந்து கண்பந்தை அழுத்தும்போது கோராய்டில் மடிப்புகள் விழும். அவை கட்டி போன பிறகும் நெடுநாள் நிற்கலாம். முன்படம் இல்லையென்றால் அதையும் புதுச் சிக்கலாக எண்ணிப் பயப்பட நேரும்.

மாத்திரைகளைப் பற்றி ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்துகள், வலி மாத்திரைகள், மீன் எண்ணெய், மூலிகைச் சூரணங்கள் எல்லாமே பட்டியலில் வர வேண்டும். நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அந்த மாத்திரையை நிறுத்துவது கண்ணை விடப் பெரிய ஆபத்தாக முடியலாம். இதய மருத்துவரும் கண் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய், புகைப்பழக்கம் நான்குமே விழித்திரைக் குழாய்களை ஏற்கெனவே நலிவாக்கி வைத்திருப்பவை.

படி 3: அறுவை அரங்கில் எங்கே சறுக்கலாம்

உள்ளே போகும் வழி கட்டி இருக்கும் திசையைப் பொறுத்தது. வெளிப்புற எலும்பைத் திறந்து போகும் முறையை 1888-இல் கிரோன்லைன் என்ற அறுவை மருத்துவர் விவரித்தார். அதன் மாற்று வடிவங்கள் இன்றும் பயனில் உள்ளன. வெண்படலத்தின் வழியாக, மூக்கின் வழியாக எண்டோஸ்கோப் கொண்டு, மண்டையோட்டைத் திறந்து என்று வேறு வழிகளும் உண்டு. நரம்புக்குக் கீழே, மூக்குப் பக்கமாக வேலை செய்யும்போது மையத் தமனி நுழையும் இடம் கைக்கு மிக அருகில் வந்துவிடும். அங்கே இருக்கும் கட்டிகளைப் பற்றி அறுவை மருத்துவர் கூடுதலாக எச்சரித்தால் காரணம் இதுதான்.

தமனி நேராக வெட்டுப்படுவது அபூர்வம். நடப்பது வேறு. கட்டியைப் பார்க்க இடம் வேண்டும் என்பதற்காகக் கண்பந்தையும் நரம்பையும் ஒரு பக்கம் ஒதுக்கிப் பிடிப்பார்கள். அந்தப் பிடி நீண்டால் தமனி இழுபட்டு நசுங்கும், அல்லது தொட்ட எரிச்சலில் தானே சுருங்கிக்கொள்ளும். ரத்தக் கசிவை நிறுத்தக் கொடுக்கும் மின்சூடு பக்கத்துக் குழாய்க்கும் பரவலாம். மயக்கத்தில் ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கும்போது கண்ணையும் அழுத்திப் பிடித்தால் இரண்டும் கூட்டுச் சேரும். விழித்திரைக்குப் போகும் ரத்தத்தை உந்துவது தமனி அழுத்தத்துக்கும் கண்ணுள் அழுத்தத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தானே. ஒன்று இறங்கி மற்றது ஏறினால் ஓட்டம் நின்றுபோகும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் சில நிமிடத்துக்கு ஒருமுறை பிடியைத் தளர்த்துவதும், பாவை, அதாவது கண்ணின் நடுவிலுள்ள கருந்துளை, விரிகிறதா என்று எட்டிப் பார்ப்பதுமாக இருப்பார்கள்.

எல்லாமே சரியாக நடந்தும் பார்வை போன நிகழ்வுகள் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெடுங்காலம் நெருக்கப்பட்டுக் கிடந்த நரம்பும் குழாயும் விளிம்பில் நின்றுகொண்டிருக்கும், சிறு அசைவே அவற்றுக்குப் போதும். ஒப்புதல் படிவத்தில் ‘பார்வை இழப்பு’ என்ற சொல் இருப்பது சும்மா சடங்குக்காக இல்லை.

படி 4: முதல் 24 மணி நேரம்

முழுக் கட்டுரையிலும் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

அறுவை முடிந்ததும் கண்ணுக்கு இறுக்கமாகக் கட்டுப் போட்டுவிட்டால் வீக்கம் குறையும் என்பது உண்மை. பார்வை போனாலும் தெரியாது என்பதும் உண்மை. பார்வையை அவ்வப்போது சோதிக்க முடியாத கட்டு எனக்கு ஒப்பவில்லை. கட்டு அவசியம் என்று மருத்துவர் கருதினால், எப்போதெல்லாம் திறந்து பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மயக்கம் தெளிந்ததும் ஒருமுறை, பிறகு முதல் சில மணி நேரம் அடிக்கடி, இரவிலும் விடாமல் என்ற ஒழுங்கு இருந்தால் நல்லது. ‘தூங்குகிறார், எழுப்ப வேண்டாம்’ என்பது இந்த ஓர் இரவுக்குப் பொருந்தாது.

சோதிக்கும் முறை எளிது, ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். கையைச் சுத்தம் செய்துகொண்டு, கண்ணில் வழியும் களிம்பை மெல்லத் துடையுங்கள். களிம்பு இருந்தால் எல்லாமே மங்கல்தான். இமை வீங்கி மூடியிருந்தால் செவிலியர் மெதுவாகத் தூக்கட்டும். மற்றக் கண்ணை உள்ளங்கையால் முழுக்க மூடி, விரல் எண்ணச் சொல்லுங்கள். வீக்கத்தால் விரல் தெரியவில்லை என்றால், டார்ச் ஒளி தெரிகிறதா, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேளுங்கள். நேரத்தையும் பதிலையும் ஒரு தாளில் எழுதுங்கள். இரவு 8 மணிக்கு விரல் எண்ணியவர் 10 மணிக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது என்றால், அந்தத் தாள்தான் உங்கள் ஆதாரம்.

பாவையைப் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிப்புற வழியாகப் போன அறுவையில், நரம்புக்கும் வெளித்தசைக்கும் நடுவில் இருக்கும், பாவையைச் சுருக்கும் நரம்புகளின் சீலியரி முடிச்சு அதிர்ச்சியுற்றால், பாவை விரிந்து அப்படியே நிற்கும், பார்வை நன்றாக இருந்தாலும் சுருங்காது. அப்போது மருத்துவர் எதிர்க்கண்ணின் பாவையைக் கவனிப்பார். அறுவை செய்த கண்ணில் ஒளி அடிக்கும்போது எதிர்க்கண்ணின் பாவை சுருங்கினால், ஒளியின் செய்தி மூளைக்குப் போகிறது என்று அர்த்தம். சுருங்காமல் விரிந்தால் விழித்திரையிலோ நரம்பிலோ கோளாறு. ‘பாவை விரிந்திருக்கிறதே, அறுவையால் இருக்கும்’ என்று சொல்லிக் கடந்துவிடுவது ஆபத்தான ஆறுதல்.

இனி, ரத்தக் கசிவு. கண்ணுக்குப் பின்னால் ரத்தம் தேங்கி அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் முதல் நாளிலேயே நடக்கும். சில நாட்கள் கழித்து வருவதும் உண்டு. அறிகுறிகள் ஒன்றன்பின் ஒன்றாக, சில வேளை ஒரே மணி நேரத்துக்குள் வரும். வலி மாத்திரைக்கு அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி. கண் முன்னால் தள்ளிக்கொண்டு வருவது. இமை கல்லுப்போல் இறுகுவது. வெள்ளைப்பகுதி ரத்தமும் நீருமாக உப்புவது. கண் எந்தப் பக்கமும் அசையாமல் போவது. குமட்டல், வாந்தி. பார்வை மங்கி இருட்டுவது. சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்கும் கண் அழுத்தம் அப்போது 40 மில்லிமீட்டர் பாதரசத்தையும் தாண்டலாம்.

அந்த நேரத்தில் ஸ்கேனுக்கு அனுப்பி அறிக்கைக்காகக் காத்திருக்கக் கூடாது. பார்வை இறங்கும் கண்ணில் முதல் வேலை அழுத்தத்தை விடுவிப்பது. அறுவைத் தையலைத் திறந்து தேங்கிய ரத்தத்தை வெளியேற்றுவார்கள். இமையின் வெளி மூலையில் சிறு வெட்டுப் போட்டு, கீழிமையைப் பிடித்திருக்கும் தசைநாரையும் துண்டித்துவிடுவார்கள். கட்டிலிலேயே, உள்ளூர் மயக்க மருந்து கொடுத்துச் செய்யக்கூடிய வேலை இது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் அந்த வெட்டு நன்றாக ஆறிவிடும், தேவைப்பட்டால் பிறகு சீராக்கிக்கொள்ளலாம். கூடவே மானிட்டால் ஏற்றுவது, அசெட்டசோலமைடு, அழுத்தம் குறைக்கும் சொட்டு மருந்துகள். சிறுநீரகக் கோளாறோ சல்ஃபா ஒவ்வாமையோ இருந்தால் அந்த இடத்திலேயே சத்தமாகச் சொல்லுங்கள். மருந்துகள் துணைக்குத்தான், வெட்டுக்குப் பதிலாக அவற்றை நம்பி நேரம் போக்க முடியாது.

எவ்வளவு நேரம் இருக்கிறது? சோஹன் சிங் ஹேரே என்ற கண் மருத்துவ ஆய்வாளர் குரங்குகளின் மையத் தமனியை அடைத்து இதை அளந்தார். ஏறக்குறைய 97 நிமிடம் வரை விழித்திரை தாங்கியது. 240 நிமிடத்துக்குப் பிறகு சேதம் மீளவே முடியாததாக இருந்தது. அந்தச் சோதனையில் அடைப்பு மட்டும்தான். மனிதருக்கு அறுவைக்குப் பின் நரம்பும் சேர்ந்தே நசுங்குவதால், 90 நிமிடத்தை விளிம்பாக வைத்துக்கொண்டு ஓடுவதே பாதுகாப்பு. ‘காலையில் பெரிய டாக்டர் வரட்டும்’ என்ற பேச்சுக்கு அந்தக் கணக்கில் இடம் இல்லை.

மற்றபடி அந்த நாளில் நோயாளி செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தலையை உயர்த்திப் படுப்பது, குனியாமல் இருப்பது, முக்காமல் இருப்பது, இருமல் வந்தால் மருந்து கேட்பது. சைனஸ் பக்கத்து எலும்பு திறக்கப்பட்டிருந்தால் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மலாம்.

படி 5: எது அடைத்தது என்று பிரித்தறிவது

மையத் தமனி அடைத்தால் வலியில்லாமல் சட்டென்று பார்வை போகும். சில மணி நேரத்தில் விழித்திரை பால்வெள்ளையாக வெளுக்கும். நடுப்புள்ளியில் விழித்திரை மிக மெல்லியது என்பதால், பின்னாலுள்ள கோராய்டின் சிவப்பு அங்கே மட்டும் செர்ரிப் பழம் போலத் தெரியும். மருத்துவ மாணவர் யாரும் மறக்காத காட்சி அது. ஆனால் முதல் ஓரிரண்டு மணி நேரத்தில் இந்த வெளுப்பு வந்திருக்காது. ‘உள்ளே பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது’ என்ற பேச்சு, பார்வை போன கண்ணைப் பற்றியதாக இருந்தால் அதோடு விட்டுவிட முடியாது.

கண் தமனியே அடைத்தால் கோராய்டுக்கும் ரத்தம் நின்றுவிடும். அப்போது சிவப்புப் புள்ளி தெரியாமல் முழுக்க வெளுத்துப் போகலாம். வெளிச்சம்கூடத் தெரியாது. மீளும் வாய்ப்பு மிகக் குறைவு. நரம்பின் பின்பகுதிக்கு மட்டும் ரத்தம் குறைந்தால் நேர்மாறு: பார்வை போயிருக்கும், விழித்திரை பார்க்க நன்றாக இருக்கும், பல வாரம் கழித்துத்தான் நரம்பின் தலை வெளுக்கும்.

சிரை அடைப்பு இவ்வளவு திடீரென்று வராது. மணிக்கணக்கில் அல்லது நாள்கணக்கில் மங்கும். உள்ளே பார்த்தால் சிரைகள் புடைத்து நெளிந்து, நான்கு திசையிலும் ரத்தத் தீற்றல்கள், நரம்பின் தலை வீங்கி, மாக்குலாவில் நீர் கோத்திருக்கும். இதில் பார்வை பல அளவுகளில் மிஞ்சும். இவற்றில் ஓரளவு நம்பிக்கைக்கு இடம் தருவது இதுதான்.

பரிசோதனைகளில் ஓசிடிக்கு முதலிடம் கொடுப்பேன். ஊசி இல்லை, சில நிமிட வேலை. தமனி அடைத்த கண்ணில் உள் அடுக்குகள் வீங்கிப் பளிச்சென்று தெரியும், வாரங்கள் போனபின் அதே அடுக்குகள் மெலிந்துவிடும். அடைப்பு தற்காலிகமாக இருந்து திறந்துகொண்டாலும் அந்தத் தடம் அழியாது. இது அறுவைக்குப் பின் ரொம்பப் பயன்படும். தமனி பிடியில் நசுங்கி, பிடி விட்டதும் திறந்திருக்கலாம். மறுநாள் ஆஞ்சியோகிராமில் சாயம் ஒழுங்காகப் பாய்வது தெரியும், பார்வை மட்டும் திரும்பியிருக்காது. குழாய் திறந்திருப்பதும் விழித்திரை பிழைத்திருப்பதும் ஒன்றில்லை என்பதை ஓசிடிதான் காட்டிக்கொடுக்கும்.

கையில் சாயம் ஏற்றி எடுக்கும் ஃப்ளோரெசின் ஆஞ்சியோகிராமில் எந்தக் குழாய் தாமதிக்கிறது, எந்தப் பகுதி ரத்தமில்லாமல் கிடக்கிறது என்று வரைபடம் போலத் தெரியும். ஒரு நாளைக்குச் சிறுநீரும் தோலும் மஞ்சளாக இருக்கும், பயப்பட வேண்டாம். கண்குழிக்குள் ரத்தமோ மிச்சக் கட்டியோ இருக்கிறதா என்று சிடி அல்லது எம்ஆர்ஐ சொல்லும். அழுத்தத்தை விடுவித்த பிறகு எடுக்கலாம்.

படி 6: சிகிச்சை, உள்ளதை உள்ளபடி

ரத்தத் தேக்கத்தால் வந்த அழுத்தத்துக்கு நான்காம் படியில் சொன்னதே சிகிச்சை. நேரத்தோடு செய்தால் பார்வை திரும்ப வாய்ப்பு உண்டு.

தமனி தானாக அடைத்திருந்தால் நிலைமை கடினம். கண்பந்தைப் பிசைந்து விடுவது, முன் அறையிலிருந்து கொஞ்சம் நீரை எடுப்பது, அழுத்தம் குறைக்கும் மருந்துகள் என்று பழைய முறைகள் இருக்கின்றன. எதுவும் உறுதியாகப் பலன் தரும் என்று நிரூபிக்கப்படவில்லை. அறுவை செய்த கண்ணை வீட்டார் யாரும் பிசையவே கூடாது. மூளைப் பக்கவாதத்துக்குத் தருவதுபோல உறைவைக் கரைக்கும் ஊசி போடலாமே என்று இணையத்தில் படித்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. நேற்றுத்தான் அறுத்த கண்குழியில் அந்த ஊசி பெரும் ரத்தக் கசிவை உண்டாக்கிவிடும் என்பதால் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. தமனி சுருக்கம் என்று சந்தேகித்தாலோ நரம்பு வீங்கியிருந்தாலோ ஸ்டீராய்டு தருவது உண்டு. அதற்கும் வலுவான ஆதாரம் இல்லை, சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை அளவு எகிறும். குடும்பத்திடம் இதையெல்லாம் மழுப்பாமல் சொல்லும் மருத்துவரை நான் மதிப்பேன்.

கழுத்துத் தமனியிலிருந்தோ இதயத்திலிருந்தோ வந்த துணுக்கு அடைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு, குறிப்பாக வயதானவர்களுக்கு. அறுவைக்குப் பின் வந்தது என்பதால் அறுவைதான் காரணம் என்று முடிவுகட்டாமல் கழுத்து டாப்ளர், ஈசிஜி, எக்கோ பார்ப்பது நல்லது. அடுத்த துணுக்கு மூளைக்குப் போகலாம் அல்லவா.

சிரை அடைப்பால் மாக்குலாவில் நீர் கோத்தால் கண்ணுக்குள் போடும் ஊசிகள் நன்றாக வேலை செய்கின்றன. ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட், பெவாசிசுமாப் என்பவை அந்த வகை. தொடக்கத்தில் மாதம் ஒன்று, பிறகு ஓசிடியைப் பார்த்து இடைவெளி கூட்டுவார்கள். ஒரே ஊசியில் முடியும் என்று நினைத்துப் பாதியில் நிறுத்துவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. ஸ்டீராய்டு ஊசியும் உண்டு, அதில் கண் அழுத்தமும் கண்புரையும் கூடும்.

படி 7: முதல் நூறு நாள்

பார்வை போய்விட்டது, இனி எதற்கு மருத்துவமனை என்று பலர் வருவதை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது அடி அப்போதுதான் விழும்.

ரத்தம் கிடைக்காத விழித்திரை புதுக்குழாய்களை வளர்க்கச் சொல்லி ஒரு வேதிச் செய்தியை வெளியிடும். அந்தக் குழாய்கள் ஐரிஸின் (பாவையைச் சுற்றியுள்ள நிற வளையம்) மேலும், கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் கோணத்திலும் படர்ந்து வடிகாலை அடைத்துவிடும். கண் அழுத்தம் ஏறி, சிவந்து, தாங்கமுடியாத வலி வரும். சிரை அடைப்புக்குப் பின் மூன்று மாதத்தை ஒட்டி இது வருவதால் ‘நூறு நாள் கிளாக்கோமா’ என்றே பெயர். தமனி அடைப்புக்குப் பின் இன்னும் முன்னதாக, ஒன்றிரண்டு மாதத்திலேயே வரலாம்.

ஆகவே முதல் சில மாதம் மாதத்துக்கு ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள், ரத்தமில்லாத பகுதி பெரிதென்றால் இன்னும் நெருக்கமாக. போகும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பாவையை விரிக்கும் சொட்டு போடுவதற்கு முன்பே ஐரிஸையும் கோணத்தையும் பார்த்துவிட வேண்டும். விரித்தபின் நுண்ணிய புதுக்குழாய்கள் மடிப்பில் மறைந்துகொள்ளும். வரிசையில் உட்கார்ந்ததுமே சொட்டு போட வந்தால், ‘நூறு நாள் கிளாக்கோமாவுக்காக வந்திருக்கிறேன், டாக்டர் முதலில் பார்க்கட்டும்’ என்று சொல்லலாம், தப்பில்லை. புதுக்குழாய் தெரிந்தால் விழித்திரை முழுக்க லேசர், கூடவே ஊசி. ஊசி அவற்றைச் சில வாரம் வாட வைக்கும், லேசர்தான் செய்தியை நிரந்தரமாகக் குறைக்கும்.

கட்டியின் வகையைப் பொறுத்து கதிர்வீச்சு சிகிச்சையும் பெற்றவர்களுக்கு இன்னொரு கால அட்டவணை உண்டு. கதிர்வீச்சால் வரும் விழித்திரைக் குழாய்ச் சேதம் ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டுக்குள் தலைகாட்டும். சர்க்கரை நோயாளிக்கு முன்னதாகவே வரலாம். கீமோ பெற்றிருந்தாலும் அப்படியே.

படி 8: வீட்டில்

வாரம் ஒருமுறை ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் ஒரே தூரத்தில் ஒரே நாள்காட்டியைப் பாருங்கள். சிவப்பு நிற மூடி ஒன்றை இரு கண்ணிலும் மாற்றி மாற்றிப் பார்த்து, ஒன்றில் வெளிறித் தெரிகிறதா என்று ஒப்பிடுங்கள். நரம்பு நலிந்தால் எழுத்துக்கு முன் சிவப்புதான் மங்கும். கட்டங்கள் போட்ட தாளில் கோடு வளைந்து தெரிந்தால் மாக்குலாவில் நீர் இருக்கலாம்.

ஒரு கண்ணில் பார்வை திரும்பவில்லை என்றால் மற்றக் கண்ணைக் காப்பது முதல் வேலை. பவர் தேவையில்லாவிட்டாலும் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி எப்போதும் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி ஓட்ட மருத்துவரும் சட்டமும் அனுமதித்த பிறகே தொடங்குங்கள். ஆழத்தை அளக்கும் திறன் முதல் சில மாதம் தடுமாறும். படி இறங்கும்போது கைப்பிடியைத் தொட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றும்போது பாத்திரத்தின் விளிம்பு டம்ளரின் விளிம்பைத் தொட்டபடி இருக்கட்டும், மேசை நனையாது.